மூச்சு கேட்பவள்

ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, ஒரு கட்டிலையும் பீரோவையும் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகளையும் ஏற்றிய மினி லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து சுகிர்தா சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தாள். வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருடம் மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். ஊருக்கு வெளியே இருந்த ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்த வேலை கிடைத்திருந்தது. அதுதான் அவளை இந்த ஊருக்கு இழுத்து வந்தது.

வீடு ராஜபாளையம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவில் இருந்தது. கீழே ஜவுளி குடோன். மாடியில் ஒரு ஹால், அடுப்படி, பின்பக்கம் ஒரு படுக்கையறை. வீட்டுக்காரர் முகம்மது இஸ்மாயில் அறுபதைத் தாண்டியவர், கடையநல்லூரில் குடியிருந்தார். சாவியைக் கொடுக்க அவரே வந்திருந்தார். படியேறி வந்தவர் ஹாலோடு நின்றுகொண்டார். பின்னறை வாசல்வரைகூடப் போகவில்லை.

அந்த அறையில் வெக்கை ஜாஸ்தி, கட்டிலை ஹாலிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்றார். சுகிர்தா போய்ப் பார்த்தாள். மேற்குப் பார்த்த ஒரே ஜன்னல். அதன் கம்பிகளில் ஒன்று மட்டும், ஒரு ஆள் கைபிடிக்கிற உயரத்தில், பெயிண்ட் தேய்ந்து பளபளவென்று இருந்தது. வெயில் நேரத்திலும் அறை குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கட்டிலை அங்கேயே போடச் சொன்னாள்.

அவளுக்குத் தூக்கம் வருவதில்லை என்பதால் எந்த அறையானாலும் ஒன்றுதான்.

மஸ்கட்டில் பெரும்பாலான வருடங்கள் அவளுக்கு இரவு ட்யூட்டி. மற்றவர்கள் பிள்ளைகளுக்காகப் பகல் ட்யூட்டி கேட்பார்கள். தனி ஆளான அவள் விட்டுக்கொடுத்துவிடுவாள். அப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து உடம்பு இரவை மறந்துபோயிற்று. ஊர் திரும்பிய பிறகும் பதினொரு மணிக்குப் படுத்தால் ஒரு மணிக்குக் கண் திறந்துகொள்ளும். அதன்பிறகு விடியும்வரை தறிச் சத்தத்தைக் கேட்டபடி கிடப்பாள். தறி நிற்கிற இரவுகள் இன்னும் மோசம். அப்போது கேட்பதற்கு அவளுடைய இதயத் துடிப்பைத் தவிர எதுவும் இருக்காது. மாத்திரை போட்டுப் பார்த்தாள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நர்ஸுக்குத் தெரியாதா, இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போகும்போது கண் அசந்துவிட்டது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி வயல் வரப்பில் மோதி நின்றது. முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் எதிரே ஒரு பள்ளிக்கூட வேன் வந்திருந்தது.

அன்று சாயங்காலம்தான் ஜாய்ஸைக் கூப்பிட்டாள். ஜாய்ஸ் அவளைவிடப் பத்து வயது இளையவள், தூத்துக்குடிக்காரி, மஸ்கட்டில் சில வருடம் கூட வேலை பார்த்தவள், அதற்குமுன் சிங்கப்பூரில் இருந்த காலத்தில் அங்கிருந்த ஒரு சீனப் பெரியவரிடம் சீகோங் என்கிற மூச்சுப் பயிற்சியைக் கற்றுக்கொண்டவள். இப்போது தூக்கம் வராதவர்களுக்கென்றே வாரத்தில் ஐந்து நாள், இரவு ஒன்பது மணிக்கு, லேப்டாப்பில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். எட்டுப் பேர், எட்டுச் சதுரங்கள்.

உடற்பயிற்சி என்று சொல்லவே முடியாத அளவுக்கு மெதுவான பயிற்சி அது. காலைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை லேசாக மடக்கி நிற்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது இரண்டு கைகளும் தண்ணீருக்குள்ளிருந்து மிதந்து வருவதுபோல மார்பு உயரத்துக்கு வர வேண்டும். விடும்போது அதே மெதுவில் இறங்க வேண்டும். விடுகிற மூச்சு இழுத்ததைவிட நீளமாக இருக்க வேண்டும். கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் தொப்புளுக்குக் கீழே வைத்துச் சும்மா நிற்க வேண்டும். மரம் நிற்கிறதுபோல, என்பாள் ஜாய்ஸ்.

சுகிர்தா பின்னறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்று பழகினாள். மேஜையில் லேப்டாப், பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு.

முதல் வாரத்தில் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, வகுப்பு முடிந்து விளக்கை அணைத்துப் படுத்து, கற்றுக்கொண்டபடி மூச்சை நீளமாக விட்டுக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு முடிந்த பிறகும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் அறையில் மிச்சம் இருந்தது.

எதிரொலி என்று நினைத்தாள்.

மறுபடி இழுத்தாள். விட்டாள். அவளுடையது நின்றது. இன்னொன்று ஒரு நொடி கழித்து நின்றது.

அறையில் ஏதோ ஒரு வாசனை வந்தது. பழைய பீரோவுக்குள் மடித்து வைத்த துணியின் வாசனை, அதோடு லேசாக யூகலிப்டஸ் தைலம், நெஞ்சுச் சளிக்குத் தேய்ப்பார்களே அது. சுகிர்தா கண்ணைத் திறந்து பார்த்தாள். ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் கிடந்தது. வேறெதுவும் இல்லை. அசதியில் இருந்த அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆச்சரியமாக, தூக்கம் வந்தது. உடம்பு கனமாகி, நினைவு ஒவ்வொன்றாகக் கழன்று போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் மூக்குக்குக் கீழே ஏதோ பட்டது.

இரண்டு விரல்களின் முதுகுப்பக்கம். ஐஸ்போல் குளிர்ந்தவை. அழுத்தவில்லை. மேலுதட்டுக்கு ஒரு நூல் மேலே நின்று, அவள் மூச்சின் சூட்டை வாங்கிக்கொண்டு, விலகின.

விளக்கைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து விடியும்வரை இருந்தாள். அந்தச் சைகை அவளுக்குத் தெரியும். வார்டில் எத்தனையோ அம்மாக்கள் தூங்குகிற பிள்ளையிடம் அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறாள். மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது.

காலையில் வெளிச்சம் வந்ததும் அதைக் கனவு என்று தீர்த்துக்கொண்டாள். தனியாக வாழ்கிறவர்கள் அப்படித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொன்னால் கேட்பதற்கு வீட்டில் இன்னொருவர் இல்லை.

திங்கட்கிழமை வகுப்பில் ஜாய்ஸ் வழக்கம்போல ஒவ்வொருவர் நிற்பதையும் பார்த்துத் திருத்திக்கொண்டு வந்தாள். ஒருவரை முதுகை நிமிர்த்தச் சொன்னாள், ஒருவரிடம் பல்லைக் கடிக்காதீர்கள் என்றாள். பிறகு சுகிர்தாவின் முறை வந்தது.

"சுகிர்தாக்கா, நீங்க நல்லா நிக்கிதிய. உங்களுக்குப் பின்னால நிக்கிறவங்கதான் தோள ரொம்ப இறுக்கி வச்சிருக்காவ. கொஞ்சம் தளத்தச் சொல்லுங்க."

சுகிர்தாவின் கைகள் மார்பு உயரத்தில் அப்படியே நின்றன.

திரையில் தன்னுடைய சதுரத்தைப் பார்த்தாள். தன் முகம். விளக்கு வெளிச்சம். முதுகுக்குப் பின்னால் ஜன்னல். திரும்பியும் பார்த்தாள்.

யாரும் இல்லை.

"ஜாய்ஸ், இங்க நான் மட்டுந்தான் இருக்கேன்."

ஜாய்ஸ் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். அவள் முகம் மாறுவதை எட்டுச் சதுரங்களும் பார்த்தன. பிறகு, நெட் சரியில்லை போல, என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனாள். வகுப்பு முடிந்ததும் போனில் கூப்பிட்டு மெல்லிய குரலில் விவரம் சொன்னாள். ஒரு வாரமாகவே அவர்களைப் பார்க்கிறாளாம். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு அம்மா. சொந்தக்காரர் யாரோ ஊரிலிருந்து வந்து கூடச் சேர்ந்து பழகுகிறார் என்று நினைத்தாளாம். கைகளைச் சுகிர்தாவுக்கு ஒரு நொடி பிந்தித் தூக்குவார்களாம், பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்களைப்போல.

"இப்பவும் நின்னாவளா?" என்று கேட்டாள் சுகிர்தா.

"நீங்க திரும்பிப் பாத்தப்ப அவங்களும் திரும்பிப் பாத்தாவக்கா. அவங்களுக்குப் பின்னால யாரும் இருக்காங்களோன்னு."

அன்று இரவு சுகிர்தா ஹாலில் படுத்தாள். தூங்கவில்லை.

மறுநாள் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்துக் கடையநல்லூர் போனாள். இஸ்மாயில் பாய் வீட்டில்தான் இருந்தார். அவள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் எதற்கு என்று கேட்கவில்லை. உள்ளே உட்கார வைத்துக் காபி கொடுக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்க லாத்தா சிஸ்டர். மைமூனம்மாள்னு பேரு," என்றார்.

லாத்தா என்றால் அவருடைய அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் ஒரே மகளைக் கூட்டிக்கொண்டு தம்பியிடமே வந்துவிட்டாளாம். அப்போது குடும்பம் முழுவதும் சங்கரன்கோவில் வீட்டில்தான் இருந்தது. மகள் ஷிரின் பானுவுக்கு ஏழு வயது, பிறந்ததிலிருந்து இளைப்பு. ஒரு ஐப்பசி மாதம் மழை பிடித்துக்கொண்டபோது பிள்ளைக்கு நாலு நாள் விடாமல் இழுத்தது. டாக்டரிடம் காட்டி மருந்தும் கொடுத்தார்கள். நாலு ராத்திரியும் மைமூனம்மாள் பொட்டுக் கண் மூடாமல், உம்மா, உம்மா என்று அனத்திய பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது ராத்திரி இளைப்பு கொஞ்சம் அடங்கியது. பிள்ளை தூங்கிற்று. இவளும் பக்கத்தில் தலையைச் சாய்த்தாள்.

விடியற்காலை சுபுஹு பாங்கு கேட்டு முழித்தபோது பிள்ளை குளிர்ந்துபோயிருந்தது.

"நான் தூங்கிட்டேன், நான் தூங்கிட்டேன்னு அதையேதான் சொன்னாவ," என்றார் இஸ்மாயில். "அதுக்கப்புறம் பதினோரு வருசம் லாத்தா தூங்கவே இல்ல சிஸ்டர். நாங்க தூங்கும்போது வந்து ஒவ்வொருத்தர் மூக்குக்குக் கீழயும் வெரல வச்சுப் பாப்பாவ. எம் புள்ளைக ரெண்டும் பயந்து அலறும். அவியள அங்கன விட்டுட்டு நாங்க இங்கன வந்துட்டோம்."

அவர் தொப்பியை மடித்தார், விரித்தார். தனியாக விட்டது தப்புதான் என்றார். மூச்சு கேட்பதற்கு ஆளே இல்லாமல் போயிற்று என்றார். சாப்பாடு கொடுக்கப் போன ஆள்தான் ஒருநாள் பார்த்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்து, சுவரில் சாய்ந்து, நின்ற மேனிக்கே மவுத்தாகியிருந்தாள். இறந்தவர்களுக்காக ஓதுகிற யாசீன் ஓதி, செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்தார்கள். அது ஆகிப் பதினான்கு வருடம். இதற்குமுன் குடியிருந்த இரண்டு குடும்பமும் ஒன்றும் சொல்லாமல்தான் காலி செய்தன. வேண்டுமானால் நாளைக்கே வேறு வீடு பார்த்துத் தருகிறேன் என்றார்.

சுகிர்தா யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எழுந்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பயத்தைவிட வேறொன்றுதான் அவள் மனதில் பெரிதாக இருந்தது. அவள் தூங்கும்போது உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. ராத்திரியில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இரண்டு நாள் கல்லூரிக்கு வராவிட்டால்தான் யாராவது போன் செய்வார்கள். இப்படி ஒரு ராத்திரி வந்துவிடுமோ என்று நினைத்துப் பயந்து பயந்துதான் தூக்கம் போயிற்றோ என்னவோ. இப்போது ஒருத்தி வந்து பார்க்கிறாள்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறக்கவில்லை. பின்னறையில் போய் நின்றாள். விளக்கைக்கூடப் போடவில்லை.

"தோளத் தளத்திக்கிடுங்க," என்று இருட்டைப் பார்த்துச் சொன்னாள். "முழங்கால லேசா மடக்குங்க. அவ்வளவுதான். இப்ப மூச்ச இழுப்போம்."

இழுத்தாள்.

பின்னால், பிடரிக்கு ஒரு முழம் தள்ளி, இன்னொரு மூச்சு இழுபட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் இரண்டு பேரும் பழகினார்கள். ஜாய்ஸ் கூப்பிட்டால் கல்லூரியில் வேலை அதிகம் என்று சொல்லிவிடுவாள். படுத்ததும் விரல்கள் வரும். முதல் சில நாட்கள் உடம்பு விறைத்துப்போகும். பிறகு பழகிற்று. "இருக்கேன்" என்று சொல்வாள். விரல்கள் விலகும். நாலு மணி நேரம் தூங்கினாள், பிறகு ஐந்து. கண்ணுக்குக் கீழே கருப்பு மறைந்தது. கல்லூரியில் கூட வேலை பார்க்கிற பெண்கள் என்ன டீச்சர் முகம் தெளிந்துவிட்டது என்றார்கள். சில நாட்களில் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போதே மாடிப்படியில் கால் வேகமாக ஏறுவதை அவளே கவனித்தாள். அடுப்படியில் நின்றுகொண்டு அன்று நடந்ததைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பதில் வந்ததில்லை. ஆனால் பின்னறையில் மூச்சு கேட்டுக்கொண்டிருக்கும்.

ஐப்பசி பிறந்தது. மூன்று நாளாக மழை. கரண்ட் போய், தறிகள் எல்லாம் நின்றுபோன ஒரு இரவு. பழகி முடித்துப் படுத்தாள். விரல்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

பிறகு கட்டிலின் மறுபக்கம் லேசாக அமுங்கியது.

மூச்சு இப்போது தலைமாட்டில் நிற்கவில்லை. தலையணைக்குப் பக்கத்தில், அவள் காதுக்கு நேராகப் படுத்திருந்தது. நிதானமாக, நீளமாக வந்துபோயிற்று. சுகிர்தா அசையாமல் கிடந்து கேட்டாள். வலி அடங்கி நோயாளி கண் அயரும்போது நர்ஸுக்கு வருகிற ஒரு நிம்மதி அவளுக்கு வந்தது. இந்த அம்மா தூங்குகிறாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு தூங்குகிறாள். அந்த மூச்சின் போக்கிலேயே தன் மூச்சையும் விட்டாள். அது இழுத்தபோது இழுத்தாள், விட்டபோது விட்டாள்.

எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை.

எங்கேயோ ஆழத்தில் அவளுக்கு நினைவு மட்டும் திரும்பியது. பக்கத்து மூச்சு வெளியே போய் முடிந்திருந்தது. அவளுடையதும் போய் முடிந்திருந்தது. அடுத்ததை இழுப்பதற்கு அவள் காத்துக்கொண்டிருந்தாள். அது இழுத்தால்தான் இவள் இழுக்க வேண்டும்.

அது இழுக்கவில்லை.

மூச்சு முட்டவில்லை. நெஞ்சு கேட்கவும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கிடப்பதுபோல் சுகமாக இருந்தது.

ஆறு. ஏழு. எட்டு.

அவளுக்குள் இருந்த நர்ஸ்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகள் பக்கத்தில் நின்று இப்படித்தான் எண்ணுவாள். மூச்சு நீளும், நிற்கும், இடைவெளி பெருகும். பிறகு ஒருமுறை இடைவெளி முடியாமலே போய்விடும்.

பதினாறு. பதினேழு.

இறந்தவளின் தூக்கத்தில் விழிப்பு கிடையாது. அது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கையை அசைக்கப் பார்த்தாள். கை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. மூச்சு இழுங்க, என்று சொல்லப் பார்த்தாள். சொல்ல மூச்சு வேண்டும். எல்லா பலத்தையும் வலதுகைச் சுண்டுவிரலுக்குக் கொண்டுபோனாள். விரல் மடங்கியது. மணிக்கட்டு புரண்டது. கை கட்டிலுக்கு வெளியே சரிந்து, ஸ்டூலில் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டது.

செம்பு தரையில் விழுந்து உருண்ட சத்தத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வந்தது. கிணற்றிலிருந்து இழுத்துப் போடப்பட்டவர்கள் இழுக்கிற மூச்சு.

அடுத்த நொடி விரல்கள் வந்தன. இந்த முறை இரண்டு விரல் இல்லை. இரண்டு கைகளும். மூக்கில், வாயில், கன்னத்தில், தொண்டைக்குழியில், மறுபடி மூக்கில், கொத்துக்கொத்தாக, நடுங்கிக்கொண்டு, தேடித் தேடிப் பார்த்தன. இருட்டுக்குள் ஒரு விசும்பல் கேட்டது. சுகிர்தாவுக்கு அது என்ன என்று புரிந்தது. அந்த அம்மா மறுபடியும் தூங்கிவிட்டாள். மறுபடியும் பக்கத்தில் கிடந்த மூச்சு நின்றுவிட்டது.

"இருக்கேன்," என்றாள் சுகிர்தா. "மூச்சு இருக்கு. பாருங்க, நல்லாத் தொட்டுப் பாருங்க. உங்களால ஒண்ணும் ஆகல."

வாசல் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். எட்டு அடி வைத்தால் ஹால், அப்புறம் படி, தெரு. கால் தரையில் பட்டுவிட்டது. ஆனால் அந்த விசும்பலை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. ஒருமுறை எல்லோரும் அப்படித்தான் போனார்கள்.

மெழுகுவர்த்தியைத் தேடி ஏற்றினாள். மேஜை நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கட்டிலில் யாரும் இல்லை. போர்வையில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது.

"நீங்க படுத்துத் தூங்குங்க. நான் தூங்க மாட்டேன். பத்தொம்பது வருசம் ராத்திரி ட்யூட்டி பாத்தவ நான். யார் மூச்சு நின்னாலும் எனக்குத் தெரியும். நீங்க இனி கேக்க வேண்டாம், நான் கேட்டுக்கிடுதேன்."

வெகு நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு கட்டில் முனகியது. மூச்சு தொடங்கியது, முதலில் கேவிக் கேவி. சுகிர்தா தாழ்ந்த குரலில் வகுப்பில் கேட்டதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தோளை விடுங்கள், நெற்றியை விடுங்கள், விடுகிற மூச்சு நீளமாக இருக்கட்டும். தன்னுடைய மூச்சை மட்டும் அதனோடு சேராமல், வேண்டுமென்றே குட்டையாக, ஏறுக்குமாறாக இழுத்தாள். கேவல் நின்றது. மூச்சு நீண்டது. இடைவெளி வந்தது. மறுபடி மூச்சு. அதைவிடப் பெரிய இடைவெளி.

கடைசியாக ஒன்று போயிற்று. அடுத்தது வரவில்லை.

வார்டில் செய்வதுபோல ஐந்து நிமிடம் முழுதாகக் காத்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஐம்பது. சற்று நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. கட்டில் காலியாக இருந்தது. போர்வையில் பள்ளம்கூட இல்லை.

அந்த வாரமே கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துப் போய்விட்டாள். சாவியைக் கொடுக்கும்போது இஸ்மாயில் பாயிடம், லாத்தா தூங்கிட்டாவ, என்று மட்டும் சொன்னாள். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

புது வீட்டில் சுகிர்தாவுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. ஏழு மணி நேரம்கூடத் தூங்கினாள். ஆனால் வீடு அமைதியாக இருந்தது. அடுப்படியில் பேச வாயெடுத்து நிறுத்திக்கொள்வாள். காலையில் எழும்போது மட்டும் தலைவலி இருந்தது. அந்த இரவுக்குப் பிறகு, தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிறதோ என்ற சந்தேகம் அவளை விடவில்லை. தை மாதம் திருநெல்வேலியில் ஒரு மையத்தில் போய்த் தூக்கப் பரிசோதனை செய்துகொண்டாள். தனி அறை, நெஞ்சில் பட்டை, தலையில் வயர்கள், தலைமாட்டில் ஒரு மைக். கதவை வெளியே சாத்திவிட்டார்கள்.

காலையில் அங்கே பொறுப்பில் இருந்த பெண் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். இரவு முழுவதும் நூற்றுப் பதினொரு தடவை மூச்சு நின்றிருக்கிறது, அதிகபட்சம் இருபத்து மூன்று விநாடி, பயப்பட வேண்டாம், இதற்கு மெஷின் இருக்கிறது என்றாள். பிறகு ஒலிப்பதிவைத் திறந்தாள்.

"மேடம், ராத்திரி உங்க கூட யாரையும் நாங்க விடலையே. உங்ககிட்ட போன் ஏதும் இருந்துச்சா?"

சுகிர்தா இல்லை என்றாள். அந்தப் பெண் ஒரு ஹெட்போனை எடுத்து நீட்டினாள்.

காதில் மாட்டிக்கொண்டாள். தன்னுடைய மூச்சு கேட்டது. இழுத்தது, விட்டது, இழுத்தது, விட்டது. நின்றது. திரையில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. பத்து விநாடி. பதினைந்து. இருபது.

மைக்குக்கு மிகப் பக்கத்தில், வயதான ஒரு பெண்குரல், பதறாமல், பழக்கப்பட்ட குரலில் கூப்பிட்டது.

"ஷிரினு. ஏட்டி, ஷிரினு."

கோடு துள்ளி ஏறியது. மூச்சு வந்தது. அதற்குப் பின்னால் வந்ததைக் கேட்டு சுகிர்தா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அது அவளுடைய சொந்தக் குரல். தூக்கத்தில் கனத்த குரலில், தன் வாழ்நாளில் யாரையும் கூப்பிட்டிராத ஒரு சொல்லால் அவள் பதில் சொல்லியிருந்தாள்.

"இங்கனதான் இருக்கேன், உம்மா."